கோசோங்

இன்னும் பதினொரு நாள்.
விடிகாலை நாலு பத்து, யீஷூன் டிப்போ.
பேருந்தின் டயரைத் தட்டிப் பார்க்கிறேன்,
யாரும் பார்க்காதபோது என் தொடையையும்.
இரண்டும் ஒரே சத்தம்.

பையில் ஐந்து டப்பா.
கோழி நெஞ்சு நூற்றிருபது கிராம்,
சர்க்கரைவள்ளி எண்பது,
பிரக்கோலிக்குக் கணக்கில்லை, அதனால்தான் அதைப் பிடிக்கவில்லை.
முட்டையில் வெள்ளை எனக்கு.
மஞ்சள் கருவெல்லாம் மகனுக்கு.
"ஒரு நாளாவது முழு முட்டை கொடேன்" என்கிறான்
பன்னிரண்டு வயசுக்காரன்.

காப்பிக்கடையில்
"கோப்பி ஓ கோசோங்" என்றேன்.
கடைக்காரர் கரண்டியை வைத்துவிட்டு
"சர்க்கரை வியாதியா?" என்றார் கரிசனமாக.
கோசோங் என்றால் ஒன்றுமில்லாதது.
பூஜ்யம், காலி, வெறும்.
இந்த ஊரில் அதைக் கேட்டு வாங்கலாம்.

ஓய்வறையில் தமயந்தி அக்கா
என் டப்பாவை எட்டிப் பார்க்காமலே கேட்டார்,
"விரதமா?"
தலையாட்டுவது சுலபமாக இருந்தது.
"எந்தச் சாமிக்கு?"
வாயில் கோழி இருந்தது.

சாமிக்காகப் பசித்தால் பக்தி.
எனக்காகவே நான் பசித்தால்
அதற்கு இன்னும் யாரும் பேர் வைக்கவில்லை.

போன மாதம் நாள் தள்ளிப்போனது.
நாற்பத்து மூன்று நாள்.
பயிற்சியாளர் ஹுய் ஷானிடம் சொன்னேன்,
எடை இறங்கியதைச் சொல்லும் அதே குரலில்.
அவள் போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு,
"மேடை அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும்.
நாளைக்கு டாக்டரைப் பார்.
இன்று ராத்திரி சோறு சாப்பிடு. அளக்காதே."
அளக்காமல் சோறு போடக்
கை மறந்துபோயிருந்தது.
மகனிடம் ஒரு மஞ்சள் கரு கடன் கேட்டேன்.
இரண்டு கொடுத்தான்.

இந்த வாரம் தண்ணீர் வாரம்.
நாளுக்கு ஏழு லிட்டர்.
செம்பவாங் சாலையின் ஒவ்வொரு சிவப்பு விளக்கும்
எனக்கு எதிராகத் தீட்டிய சதி.
பின்னால் யாரோ மணி அடிக்கிறார்கள்.
உள்ளேயும் ஒருவர்
விடாமல் அடிக்கிறார்.

இரவு பதினொன்றுக்கு ஒன்பதாம் மாடி நடைபாதையில்
கண்ணாடிக் குதிகால் செருப்போடு நடக்கிறேன்.
இடுப்பை ஒடி, தோளை விரி, சிரி,
மூச்சு வாங்குவது முகத்தில் தெரியக்கூடாது.
லிஃப்ட் திறந்தது.
குப்பைப் பையுடன் மிஸ்டர் ஓங்.
நான் முதுகு காட்டி இறக்கை விரித்து நின்றிருந்தேன்.
"சாப்பிட்டாச்சா?" என்றார்.
இந்த ஊர் வணக்கம் அது.
கண் கலங்கிவிட்டது, பசியில்தான்.

முந்தின நாள் நிறம் பூசுகிறவள் வந்தாள்.
மற்றவர்களுக்கு மூன்று பூச்சு.
நோரஸ்லினுக்கு இரண்டு.
என்னைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு
"உனக்கு ஒன்று போதும்" என்று
பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்தாள்.
பள்ளிக்கூடத்தில் இந்த நிறத்தை வைத்து
எனக்கு ஒரு பட்டப்பேர் உண்டு.
இப்போது அதற்குத் தொண்ணூறு வெள்ளி.
வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது.

மேடைக்குப் பின்னால்
அரிசி பிஸ்கட்டில் ஒரு கீற்று ஜாம்.
நாக்கு திடுக்கிட்டது.
நோரஸ்லின் தண்ணீர் மூடியில் ஒரு வாய் ஊற்றித் தந்தாள்,
பாதி அவளுக்கு.
போட்டியாளர்கள்தான் நாங்கள், அதே பிரிவு.

இடுப்பில் குத்திய எண் பதினேழு.
எட்டு வருஷமாக எண்ணுக்குப் பின்னால்
உட்கார்ந்தே ஊர் சுற்றியவள்,
எண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து வருகிறேன்.
விளக்கில் யாரும் தெரியவில்லை.
ஒரு பையன் குரல் மட்டும்
"அம்மா, முதுகு!" என்று கத்தியது.
திரும்பினேன்.

திங்கள் காலை.
புரோட்டா கோசோங் இரண்டு,
குழம்பு தனியாக, கொஞ்சம் கூடுதலாக.
விஷயம் எப்படியோ தெரிந்து,
தமயந்தி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
"எத்தனாவது வந்தே?"

வாயில் புரோட்டா இருந்தது.